சிறையும் திரையும்

'சிறை' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. மனிதரை அடைத்து வைக்கும் இடம் சிறை. ஓடும் நீரைத் தடுக்கும் அணையும் சிறை. பறவையின் இறகும் சிறையே. அடைப்பதற்கும் பறப்பதற்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி நம்முடையது. சிறையைக் களமாகக் கொண்ட திரைப்படங்களுள் சில மட்டும் ஆண்டுகள் பல கடந்தும் நிலைத்து நிற்கின்றன. ஏனையவை வந்த சுவடு தெரியாமல் மறைகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். திரைப்படம் தமிழ்த்துறை மலருக்கு ஏற்ற பொருளாகுமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக வைத்துப் போற்றிய மரபினர்க்கு அவ்வையம் வேண்டுவதில்லை.

சங்க இலக்கியத்தில் சிறை பற்றி நினைத்த மாத்திரத்தில் நெஞ்சில் எழுவது புறநானூற்றின் 74ஆம் பாட்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் வைக்கப்படுகின்றான். தாகத்தால் நீர் கேட்கின்றான். காவலர் காலம் தாழ்த்திக் கொணர்ந்து தருகின்றனர். கைக்கு வந்த நீரை அவன் பருகவில்லை. பாடி உயிர் துறக்கின்றான். சிறை எத்துணை உயரமானது, அதில் எத்தனை பூட்டுகள் இருந்தன என்பன பற்றி அப்பாட்டு வாய் திறக்கவில்லை. ஒரு குவளை நீர்தான் அங்கே முழுச் சிறையுமாக நிற்கின்றது. பிற்காலத்தில் உலகெங்கும் எடுக்கப்பெற்ற சிறந்த சிறைப்படங்களை நோக்குங்கால், அவை யாவும் இந்த ஒரு குவளை நீரின் வழிவந்தவை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

கோவைச் சிறையும் செக்கும்

சரவணம்பட்டியிலிருந்து சத்தி சாலையில் கணபதி கடந்து காந்திபுரத்தில் இறங்கும் மாணவர்களுக்குக் கோவை மத்திய சிறையின் மதில் புதிதன்று. அம்மதிலுக்குள்தான் 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை வ.உ.சிதம்பரனார் அடைபட்டிருந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்ததும் இங்கேயே. பின்னர்க் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்று, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். அச்சிறை நிலத்தின் ஒரு பகுதி இன்று செம்மொழிப் பூங்காவாகியுள்ளது.

ம.பொ.சிவஞானம் எழுதிய வரலாற்று நூலைத் தழுவி, பி.ஆர்.பந்துலு 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை எடுத்தார். படம் முழுவதும் சிறையில் நிகழ்வதன்று. எனினும் மக்கள் நெஞ்சில் நின்றது செக்குக் காட்சியே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடலில் கப்பல் விட்ட ஒருவர், எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் வட்டத்தில் நடக்கின்றார். சிறை என்பது இடத்தைச் சுருக்குவது மட்டுமன்று, காலத்தையும் வட்டமாக்கிவிடுவது என்பதை வசனம் எதுவுமின்றி அச்செக்கு உணர்த்திவிடுகின்றது. சிவாஜி கணேசனின் நடிப்பில் மிகை உண்டு என்று இன்றைய இளைஞர் கூறலாம். அக்காட்சியில் அம்மிகை உறுத்துவதில்லை. வ.உ.சி. தம் சிறைவாழ்வை அகவற்பாவில் தாமே எழுதி வைத்துள்ளார். அதனைப் படித்தபின் படத்தைக் காண்போர்க்கு, திரையில் காட்டப்பட்டது குறைவே என்பது விளங்கும்.

அப்படத்தைச் சிறந்த தமிழ்ப்படமெனத் தேசிய விருதுக் குழு தேர்ந்தெடுத்தது. மக்களோ வெளிவந்த காலத்தில் கொட்டகைகளை நிரப்பவில்லை. இஃது ஒரு விந்தையான ஒற்றுமை. உலகின் மிகச்சிறந்த சிறைப்படமெனப் பலரும் இன்று கூறும் 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994இல் வெளிவந்தபோது அதற்கும் அதே நிலைதான். ஏழு ஆஸ்கார் பரிந்துரைகள் பெற்றும் ஒன்றுகூட வெல்லவில்லை. வீடியோ நாடாவும் தொலைக்காட்சியுமே அதனைப் பின்னர் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. ஆகவே முதல் வார வசூலைக் கொண்டு ஒரு படத்தின் நிலைபேற்றை அளத்தல் பொருந்தாது.

சிறுபொருளின் பெருமை

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெசோன் 1956இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பே, மரண தண்டனை பெற்ற ஒருவன் தப்பிவிட்டான் என்று முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றது. முடிவு தெரிந்த கதையில் ஆவல் எங்ஙனம் பிறக்கும்? பிரெசோன் கைதியின் கைகளையே காட்டுகின்றார். ஒரு கரண்டியைத் தேய்த்து உளியாக்குகின்றான். மரக்கதவின் பலகைகளை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செதுக்குகின்றான். படுக்கையைக் கிழித்துக் கயிறு திரிக்கின்றான். லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து 1943இல் உண்மையாகவே தப்பிய ஆந்திரே தெவிஞ்ஞி என்பவரின் அனுபவம் அது. படம் முடிந்தபின் ஒரு கரண்டியை நாம் முன்போல் பார்க்க இயலாது.

நமக்கு மிக அண்மையில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், இதனினும் நுண்ணிய படம் ஒன்று உண்டு. வைக்கம் முகம்மது பஷீர் 1964இல் வெளியிட்ட 'மதிலுகள்' என்னும் குறுநாவலை அடூர் கோபாலகிருஷ்ணன் அதே பெயரில் படமாக்கினார். கோவையிற் பிறந்த கவிஞர் சுகுமாரன் அந்நாவலை 'மதில்கள்' எனத் தமிழில் தந்துள்ளார். பஷீர் உப்புச் சத்தியாகிரகத்திற்காக 1930இல் அடைபட்டது, வ.உ.சி. இருந்த அதே கண்ணூர்ச் சிறையில். நாவலின் களம் பின்னாளில் அவர் திருவனந்தபுரம் மத்திய சிறையில் கழித்த காலம்.

கதை மிகச் சிறிது. திருவிதாங்கூர் ஆட்சிக்கெதிராக எழுதியமைக்காகத் தண்டனை பெற்ற எழுத்தாளர் சிறைக்குள் ரோஜாத் தோட்டம் போடுகின்றார். உயர்ந்த மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறை. அங்கிருந்து நாராயணி என்னும் பெண்ணின் குரல் கேட்கின்றது. இருவரும் பேசுகின்றனர், பொருள்களை மதிலுக்கு மேலே எறிந்து பரிமாறிக்கொள்கின்றனர். நாராயணி மதிலருகே வந்திருப்பதற்கு அடையாளம், காய்ந்த குச்சி ஒன்று வானத்தில் எழுந்து விழுவது. மருத்துவமனையில் நேரிற் சந்திக்க நாள் குறிக்கப்படுகின்றது. அந்நாள் வருமுன்னரே எழுத்தாளர்க்கு விடுதலை ஆணை வந்துவிடுகின்றது. வேறெந்தச் சிறைக்கதையிலும் மகிழ்ச்சி தர வேண்டிய விடுதலை இங்கே பேரிழப்பாகின்றது.

அடூர் எடுத்த முடிவுகளுள் தலையாயது, நாராயணியை ஒரு முறையேனும் திரையில் காட்டாமை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டுமே நாராயணி. பார்வையாளராகிய நாமும் மதிலின் இப்புறத்தே நிறுத்தப்படுகின்றோம். கதாநாயகியைக் காட்டாமல் படம் எடுக்கத் துணிந்த இயக்குநரும், குரலோடு மட்டும் நடித்துக் காட்டிய மம்முட்டியும் 1989ஆம் ஆண்டிற்கான தேசிய விருதுகளைப் பெற்றனர். 1990இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பன்னாட்டு விமரிசகர் விருதும் இப்படத்திற்குக் கிடைத்தது. விருதுகள் கிடக்கட்டும். அக்குச்சி வானில் எழும்போது கொட்டகையில் நிலவும் அமைதியே அப்படத்தின் அளவுகோல்.

கொடியவனும் நல்லவனும்

பிரியதர்சனின் 'சிறைச்சாலை' 1996இல் வந்தபோது தமிழ்நாடெங்கும் பெரிதும் பேசப்பட்டது. அந்தமான் செல்லுலர் சிறையின் ஏழு கைகளையும் 693 அறைகளையும் இளைஞர் பலர் அறிந்தது அப்படத்தால்தான். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் சாபு சிரிலின் கலையமைப்பும் தேசிய விருதுக்கு முற்றிலும் உரியன. எனினும் நம் கருத்தில் அது சிறந்த காட்சியேயன்றிச் செவ்வியற் படமன்று. காரணம், கொடுமை முழுவதும் ஓர் அதிகாரியின் முகத்தில் குவிக்கப்பட்டுவிடுகின்றது. அவன் வீழ்ந்தால் நம் சினமும் தணிந்து, நாம் வீடு திரும்பி உறங்கலாம். உண்மைச் சிறையோ பதிவேட்டாலும் மணியோசையாலும் நடைபெறுவது. அதில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் தம் வேலையைச் செய்யும் எளிய மனிதர். அவர்களைக் கொண்டு கொடுமையைக் காட்டுதல் அரிது.

நல்லவனைக் காட்டுதல் அதனினும் அரிது. மணிமேகலைக் காப்பியத்தின் 19ஆம் காதையில், அமுதசுரபி ஏந்திய மணிமேகலை மாவண் கிள்ளியிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகின்றாள். சிறைச் சீர்திருத்தம் பற்றி உலக இலக்கியத்தில் இத்துணைப் பழைமையான பகுதி வேறு உண்டோ என மாணவர் தேடிப் பார்க்கலாம். வி.சாந்தாராம் 1957இல் எடுத்த 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' இக்காதையின் உடன்பிறப்பு போன்றது. கொலைத் தண்டனை பெற்ற ஆறு கைதிகளைச் சிறை அதிகாரி ஒருவர் வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, தரிசு நிலத்தைத் திருத்தச் செய்கின்றார். அவர்களைக் காப்பவை அவருடைய இரு கண்களே. மராத்திய நாட்டின் அவுந்து சமஸ்தானத்தில் நடந்த திறந்தவெளிச் சிறை முயற்சியே கதைக்கு மூலம். அத்தகைய திறந்தவெளிச் சிறை நம் சிங்காநல்லூரிலும் ஏற்பட்டது. இக்கதையைத் தமிழில் கே.சங்கர் 1975இல் 'பல்லாண்டு வாழ்க' என எடுத்தார். எம்.ஜி.ஆரின் ஒளிவட்டம் அறுவர் முகத்தையும் மறைத்துவிட்டது என்றால் அன்பர்கள் நம்மைப் பொறுப்பார்களாக.

சிறைக்கு வெளியே நிகழும் அழிவைச் சொன்ன வகையில் 'மகாநதி' (1994) தனித்து நிற்கின்றது. சீட்டு நிறுவன மோசடியில் சிக்கிய கிருஷ்ணசாமி உள்ளே இருக்க, வெளியே அவன் குடும்பம் சிதறுகின்றது. மகளைக் கல்கத்தாவின் சோனாகாச்சியில் தேடிக் கண்டெடுக்கின்றான். அவன் சிறைக்குள் பட்ட அடிகளைவிட, இல்லாதபோது நேர்ந்தவையே நம்மை உலுக்குகின்றன. 'விருமாண்டி' (2004) ஒரே நிகழ்வை இரு கைதிகள் வாயால் இருவகையாகச் சொல்லித் தூக்குத் தண்டனையின் அடிப்படையையே ஐயத்துக்குள்ளாக்கியது. இறுதிக் கலவரக் காட்சிகளின் நீளம் அதற்குக் குறையே.

விசாரணை

இனி நம் ஊர்க்கு வருவோம். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார் 2006இல் 'லாக்கப்' என்னும் நூலை வெளியிட்டார். பிழைப்புத் தேடி ஆந்திர நாட்டின் குண்டூருக்குச் சென்ற இளைஞராக இருந்தபோது, 1983இல், செய்யாத குற்றத்திற்காக நண்பர்களோடு பிடிக்கப்பட்டுக் காவல் நிலையத்தில் பட்ட வதையே அந்நூல். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளத்தில் கிடந்ததை அவர் எழுத்தாக்கினார். அதனைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, மனித உரிமைக்கான இத்தாலிய அம்னெஸ்டி அமைப்பின் விருதைப் பெற்றது. 2016 பிப்ரவரியில் தமிழகத்தில் வெளியாயிற்று. சிறந்த தமிழ்ப்படம், சிறந்த துணை நடிகர் சமுத்திரக்கனி, சிறந்த படத்தொகுப்பு என மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. படத்தொகுப்பாளர் கிஷோர் படம் வெளிவருமுன்னரே மறைந்துவிட்டார். அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கு அனுப்பப்பட்டதும் இப்படமே.

லாக்கப் வேறு, சிறை வேறு அன்றோ எனக் கேட்கலாம். வேறுதான். சிறையில் தண்டனைக்கு ஒரு கணக்கு உண்டு. நாட்களை எண்ணிச் சுவரில் கோடு கிழிக்கலாம். லாக்கப்பில் கணக்கே இல்லை. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. கைதுக் குறிப்பு எழுதுதல், உறவினர்க்கு அறிவித்தல், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. ஏட்டில் இவை இருக்க, 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025இல் திருப்புவனம் அருகே கோயிற் காவலாளி ஒருவரும் காவலர் பிடியில் பட்ட அடியால் உயிரிழந்தனர். ஆகவே இப்படத்தைப் பழங்கதை எனத் தள்ளுதல் இயலாது.

படத்தில் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ் இளைஞர் நால்வர், திருட்டு வழக்கு ஒன்றை முடிப்பதற்காகப் பிடிக்கப்படுகின்றனர். அந்நால்வருள் ஒருவன் பெயர் அப்சல். தமக்குத் தெரியாத தெலுங்கில், தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களிடம் கேட்கப்படுவது. அடி தாங்காது அவர்கள் எடுக்கும் ஒரே ஆயுதம் உண்ணாநோன்பு. உண்ண மறுக்கின்றனர். விட்டுவிடுவோம் என நயந்து பேசி அவர்களை உண்ணச் செய்கின்றனர். உண்டபின் அடி மீண்டும் தொடங்குகின்றது. இக்காட்சியில் நமக்குக் கணைக்கால் இரும்பொறையே நினைவுக்கு வருகின்றான். அவன் அரசன், நீரை மறுத்து மானத்தோடு இறக்க அவனால் இயன்றது. இவர்கள் ஏழைகள், பட்டினி கிடக்கும் உரிமைகூட இவர்களிடமிருந்து வஞ்சனையால் பறிக்கப்படுகின்றது. அடியைவிட அந்தச் சோறு கொடியது. படம் முழுவதிலும் நாம் தலைகுனியும் இடம் அதுவே.

தமிழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் முத்துவேல் நீதிமன்றத்தில் இவர்களுக்காகப் பேசியதால் விடுதலை கிட்டுகின்றது. சந்திரகுமாரின் நூல் தந்த பகுதி இத்தோடு முடிய, இயக்குநரின் பகுதி தொடங்குகின்றது. முத்துவேலுக்கு ஒரு சிறு கைம்மாறு செய்யப் போய், தமிழகக் காவல் நிலையம் ஒன்றைத் துடைத்துத் தூய்மை செய்யும் வேலையில் அவர்கள் மாட்டிக்கொள்கின்றனர். கேட்கக் கூடாதவற்றைக் கேட்டுவிடுகின்றனர். இறுதியில் இருளும் துப்பாக்கி ஒலியுமே எஞ்சுகின்றன.

இவ்விரண்டாம் பகுதி நூலோடு ஒட்டவில்லை என்று குறை கூறுவாருளர். நாம் அதற்கு உடன்படவில்லை. முதற்பகுதியைக் காணும் தமிழ்ப் பார்வையாளர்க்கு ஒரு புகலிடம் உண்டு: அது வேற்று மாநிலம், வேற்று மொழி, அவர்கள் கொடியவர். இரண்டாம் பகுதி அப்புகலிடத்தை இடித்துவிடுகின்றது. இங்கே எல்லாரும் தமிழ் பேசுகின்றனர், அன்பாகவும் பேசுகின்றனர், ஆயினும் முடிவு முன்னதைவிடக் கொடிது. முத்துவேல் மனச்சான்று உடையவர். அம்மனச்சான்றுக்கு அந்த அமைப்பில் எவ்வளவு இடம் உண்டு என்பதும் காட்டப்படுகின்றது. 'சிறைச்சாலை' செய்யத் தவறியதை 'விசாரணை' செய்துவிட்டது. வன்முறைக் காட்சிகள் மிகை என்னும் பெரியோர் கருத்தில் நியாயம் உண்டு. வீட்டில் சிறுவரோடு அமர்ந்து காணத் தக்க படமன்று.

சரவணம்பட்டியில் வாழும் நமக்கு இப்படத்தில் இன்னுமொரு செய்தி உண்டு. சோளக்காடாக இருந்த இடங்களில் மென்பொருள் நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துள்ளன. அவற்றைக் கட்டியவர்களுள் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர் பலர். ஓர் அறையில் பலராகத் தங்கி, நம் மொழி அறியாது, இரவில் சாலையில் நடந்து செல்லும் அவர்களை நாம் எந்தக் கண்ணால் பார்க்கின்றோம்? குண்டூர்ப் பூங்காவில் படுத்திருந்த கோவை இளைஞன் இடத்தில் இன்று அவர்கள் இருக்கின்றனர். குண்டூர்க்காரர் இடத்தில் நாம்.

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். திரைப்படங்களோ தூக்குமேடையையும் தப்பியோட்டத்தையுமே பெரிதும் நாடுகின்றன. 'மனு' போட்டு உறவினரைப் பார்ப்பதற்காகச் சிறைவாயிலில் ஆதார் அட்டையும் பழப்பையும் ஏந்திக் காத்திருக்கும் தாய்மார், சிலநிமிடப் பேச்சுக்காக அரைநாள் கூலியை இழக்கின்றனர். அவர்கள் திரையில் சில கணங்களே தோன்றி மறைகின்றனர். 'மகாநதி' அவர்கள் பக்கம் சிறிது திரும்பியது. அவ்வழியில் இன்னும் நெடுந்தூரம் செல்ல இடமுண்டு.

இப்படங்களைக் காண விரும்பும் மாணவர்கள் நூல்களை முதலில் படித்தல் நலம். 'லாக்கப்' சிறிய நூல். ஒரே இருக்கையில் முடிக்கலாம். 'மதில்கள்' அதனினும் சிறிது. பஷீரின் எழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் நகை உண்டு. அடூரின் படத்தில் அந்நகை அடங்கித் தனிமை மேலோங்குகின்றது. எது சிறந்தது என்பதில் நம் துறை ஆசிரியர்களுக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உண்டு.